ஜோசப் பிராமா

ஜோசப் பிராமா (1748 - டிசம்பர் 9, 1814) இங்கிலாந்தைச் சேர்ந்த ஒரு கண்டுபிடிப்பாளரும் பூட்டுத் தயாரிப்பாளரும் ஆவார். நீரழுத்தப் பொறியைக் கண்டுபிடித்தவர் என இவர் பெரிதும் அறியப்படுகிறார். தமிழகப் பட்டறைகளில் "பிரஸ்" என்று சுருக்கமாக அழைக்கப்படும் கருவி இதன் வழிவந்ததே.

இளமை

யார்க்‌ஷயரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். பதினாறாம் வயதில் கணுக்காலில் அடிபட்டதால் வயல் வேலைக்கு உதவாதவரானார். தச்சரிடம் தொழில் பழகினார். பின்னர் இலண்டன் சென்று வீடுகளில் நீர்க்கழிப்பிடங்களைப் பொருத்தும் பணியில் ஈடுபட்டார். அதன் குறைகளைக் களைந்து 1778 இல் காப்புரிமம் பெற்றார்.

பூட்டு

1784 இல் புதுவகைப் பூட்டு ஒன்றுக்குக் காப்புரிமம் பெற்றார். குழாய் வடிவச் சாவியின் நுனியில் வெவ்வேறு ஆழமுள்ள வெட்டுகள் இருக்கும். அவை உள்ளேயிருக்கும் தகடுகளைத் தத்தம் அளவுக்குத் தள்ளினால்தான் பூட்டு திறக்கும். சாவியின்றித் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்து, 18 தகடுகள் கொண்ட ஒரு பூட்டைத் தம் கடைச் சாளரத்தில் வைத்தார். 1851 இல் ஆல்பிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் முயன்று அதைத் திறந்தார். அப்போது பிராமா இறந்து ஏறத்தாழ 37 ஆண்டுகள் ஆகியிருந்தன. மாங்காய்ப் பூட்டுக்குப் பெயர்பெற்ற திண்டுக்கல் பகுதியினருக்கு இக்கதை சுவையாக இருக்கும்.

நீரழுத்தப் பொறியும் மாட்ஸ்லேயும்

மூடிய நீர்மத்தில் தரப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பது பாஸ்கலின் விதி. பிராமா இதைப் பயன்படுத்தி 1795 இல் காப்புரிமம் பெற்றார். சிறிய உந்தின் விட்டம் 1 செ.மீ., பெரியதன் விட்டம் 10 செ.மீ. எனில் பரப்பு 100 மடங்காகும். எனவே 10 கிலோ விசை 1000 கிலோவாகிறது. ஆனால் சிறிய உந்து 100 செ.மீ. நகர்ந்தால்தான் பெரியது 1 செ.மீ. நகரும்.

கணக்கு எளிது, செய்வதுதான் கடினம். உயர் அழுத்தத்தில் உந்தின் ஓரமாக நீர் பீறிட்டது. அடைப்பை இறுக்கினால் உந்து திரும்பவில்லை. கிண்ணம் போல் மடித்த தோல் வளையமே இதற்குத் தீர்வானது. நீர் மடிப்புக்குள் புகுந்து தோலின் விளிம்பை உந்தின் மேல் அழுத்தும்; அழுத்தம் கூடக் கூட அடைப்பும் தானே இறுகும், குறைந்தால் தளரும். இதைச் செய்தவர் பிராமாவின் பட்டறைத் தலைமையாளர் என்றி மாட்ஸ்லே என்று கருதப்படுகிறது. காப்புரிமமோ முதலாளியின் பெயரில் இருந்தது.

மாட்ஸ்லே, உல்விச் படைக்கலச் சாலையில் சிறுவனாகத் தோட்டாக்களில் மருந்து நிரப்பியவர்; 18 வயதில் பிராமாவிடம் சேர்ந்தார். வாரக் கூலி 30 ஷில்லிங்கை உயர்த்தக் கேட்டு, மறுக்கப்பட்டதால் 1797 இல் விலகினார். பிராமா செய்தவற்றுள் மிக நட்டமான சிக்கனம் இதுவே எனலாம். மாட்ஸ்லேயின் சொந்தப் பட்டறையில் பணிபுரிந்தவர்களுள் ஒருவர், பிற்காலத்தில் அறுகோணத் துளை கொண்ட ரைபிளை வடிவமைத்த ஜோசப் விட்வொர்த்.

பயன்பாடு

பஞ்சுப் பொதி கட்டவும் பாலங்களைத் தூக்கவும் இப்பொறி பயன்பட்டது. பிரிட்டானியா பாலத்தின் இரும்புக் குழாய்களை 1849 இல் தூக்கியபோது ஒரு பொறியின் உருளை வெடித்ததும் உண்டு.

இன்று ஒட்டன்சத்திரம் போன்ற சந்தை ஊர்களின் லாரிப் பட்டறைகளில் பேரிங், புஷ், பின் ஆகியவற்றைக் கழற்ற இரும்புச் சட்டத்தில் ஜாக்கி பொருத்திய பிரஸ் பயன்படுகிறது. இதில் நீருக்குப் பதில் எண்ணெய். சுத்தியலால் அடித்தால் பாகம் நெளியும். பிரஸ் நேராகவும் சீராகவும் தள்ளும். கலாஷ்னிகோவ் வகைத் துப்பாக்கிகளில் குழலை இறுக்கிச் செருகிக் குறுக்கே பின் அடித்திருப்பதால் அதைக் கழற்றவும் பிரஸ் தேவைப்படுகிறது. அமெரிக்காவில் சிலர் இதை வீட்டிலேயே செய்கின்றனர். இந்தியாவில் 1959 ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி துப்பாக்கி செய்யவும் பழுது பார்க்கவும் உரிமம் பெற வேண்டும்.

இறுதிக் காலம்

வங்கித் தாள்களில் எண் அச்சிடும் பொறியை 1806 இல் உருவாக்கினார். 1814 இல் ஹாம்ப்ஷயரின் ஹோல்ட் காட்டில், தம் நீரழுத்தப் பொறியால் மரங்களை வேரோடு பிடுங்கும் பணியை மேற்பார்வையிட்டபோது சளி பிடித்து நோயுற்றார். அவ்வாண்டு டிசம்பர் 9 அன்று காலமானார். பூட்டுத் தொழிலை அவருடைய மகன்கள் தொடர்ந்து நடத்தினர். கடைச் சாளரத்தில் இருந்த பூட்டு இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.