வாரத்தில் ஒரு மாலை, ஒரு பிள்ளைக்கு: தரங்கம்பாடி செய்தி சுசன்னா வெஸ்லியை மாற்றியது எப்படி?

வீடு நிறையப் பிள்ளைகள், தீராத கடன், அடிக்கடி லண்டன் போய்விடும் கணவர். சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் எப்வொர்த் என்ற சிற்றூரில் இப்படி வாழ்ந்தவர் சுசன்னா வெஸ்லி. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, 6,000-க்கும் மேற்பட்ட கிறிஸ்தவப் பாடல்களை எழுதிய சார்லஸ் வெஸ்லி ஆகியோரின் தாய். அவர் பிள்ளைகளை வளர்த்த விதம் இன்றும் பேசப்படுகிறது, விவாதிக்கவும் படுகிறது.

யார் இந்த சுசன்னா?

1669-இல் லண்டனில் பிறந்தார். தந்தை சாமுவேல் ஆன்ஸ்லி பெயர்பெற்ற போதகர். அவருக்கு சுசன்னா 25-ஆவது பிள்ளை. கணவர் சாமுவேல் வெஸ்லி, எப்வொர்த் திருச்சபையின் ஆயர். இந்தத் தம்பதிக்குப் பிறந்தவர்கள் 19 பேர். ஏறக்குறைய பாதிப் பேர் குழந்தையிலேயே இறந்துவிட்டார்கள்.

கணவன் மனைவி இருவருமே பிடிவாதக்காரர்கள். மன்னர் மூன்றாம் வில்லியமுக்கான ஜெபத்துக்கு சுசன்னா ஆமென் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டு சாமுவேல் வீட்டைவிட்டே போனார். பிறகு சமாதானமாகி, 1703-இல் ஜான் பிறந்தார். 1705-இல் கடனுக்காக சாமுவேல் லிங்கன் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார்.

வீட்டுப் பள்ளி எப்படி நடந்தது?

பிள்ளைக்கு ஐந்து வயதானதும் படிப்பு தொடங்கும். முதல் நாளே எழுத்துகள் அனைத்தும் படித்தாக வேண்டும். அடுத்து நேரே பைபிளின் ஆதியாகமம். காலை மூன்று மணி நேரம், மதியம் மூன்று மணி நேரம். பேசத் தொடங்கியதுமே பரமண்டல ஜெபம் மனப்பாடம்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு தனி விதி வைத்திருந்தார். நன்றாக வாசிக்கத் தெரியும் வரை தையலோ வீட்டு வேலையோ கற்றுத்தரக் கூடாது. பெண்களைப் பள்ளிக்கே அனுப்பாத காலத்தில் இது பெரிய விஷயம்.

இன்னொரு பக்கமும் உண்டு. குழந்தையின் பிடிவாதத்தைச் சின்ன வயதிலேயே அடக்கிவிட வேண்டும் என்று நம்பினார். ஒரு வயதிலேயே பிரம்புக்குப் பயப்படவும், சத்தமில்லாமல் அழவும் பழக்கினார். அதேசமயம், செய்த தப்பை ஒப்புக்கொண்டால் அடி கிடையாது. ஒரே தப்புக்கு இரண்டு முறை தண்டனையும் கிடையாது.

தீ எதை மாற்றியது?

1709 பிப்ரவரியில் ஒரு நள்ளிரவில் வீடு தீப்பற்றியது. மாடியில் சிக்கிய ஐந்து வயது ஜானை, ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி, ஜன்னல் வழியாகக் காப்பாற்றினார்கள். வீடே போனதால் பிள்ளைகள் ஆளுக்கொரு வீட்டில் வளர வேண்டியதாயிற்று. புது வீடு எழுந்து திரும்பி வந்தபோது பேச்சு, பழக்கம் எல்லாம் மாறியிருந்தது. சுசன்னா மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

தரங்கம்பாடி எங்கே வருகிறது?

1706-இல் டென்மார்க் மன்னர் அனுப்பி, சீகன்பால்கு, புளூட்சோ ஆகிய இருவர் தரங்கம்பாடியில் வந்திறங்கினார்கள். அவர்களுடைய பணி பற்றிய புத்தகம் எப்வொர்த் வரை போயிருந்தது. 1711-12 குளிர்காலத்தில் சாமுவேல் லண்டனில் இருந்த சமயம், மூத்த மகள் எமிலியா அதை அப்பாவின் அறையில் கண்டெடுத்தார்.

அதை வாசித்த சுசன்னா கலங்கிப்போனார். தான் ஆணும் இல்லை, ஆயரும் இல்லை. ஆனாலும் இப்போது செய்வதைவிட அதிகம் செய்யலாமே என்று தோன்றியது. தன் பிள்ளைகளிடமிருந்தே தொடங்கினார். ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து, மனதில் இருப்பதைப் பேசுவது. திங்கள் மேரிக்கு, செவ்வாய் ஹெட்டிக்கு, வியாழன் ஜானுக்கு, சனி சார்லஸுக்கு.

ஞாயிறு மாலை வீட்டு ஜெபத்துக்கு அக்கம்பக்கத்தாரும் வரத் தொடங்கி, கூட்டம் 200 பேரைத் தொட்டது. உதவி ஆயர் புகார் எழுதினார். நிறுத்தும்படி கணவரும் எழுதினார். சுசன்னா மறுக்கவில்லை. ஆனால் ஆலோசனையாகச் சொன்னால் போதாது, கட்டளையாகவே இடுங்கள். இவர்களுக்கு நன்மை செய்யாமல் விட்டதற்குக் கடவுள் முன் நான் பதில் சொல்லும்படி ஆகக் கூடாது என்று பதில் போட்டார். கணவர் விட்டுவிட்டார்.

எல்லாம் பலித்ததா?

இல்லை. வீட்டிலேயே கெட்டிக்காரி என்று பெயரெடுத்தவர் ஹெட்டி. எட்டு வயதிலேயே கிரேக்கம் வாசித்தவர். 1725-இல் ஒருவரை நம்பி வீட்டைவிட்டுப் போனார். கல்யாணம் நடக்கவில்லை, கர்ப்பிணியானார். அவசரமாக வேறொருவருக்குக் கட்டிவைக்கப்பட்டார். அந்த வாழ்க்கை நரகமாயிற்று. தந்தை மனமிரங்கவில்லை. அக்காவுக்காக வெளிப்படையாகப் பரிந்து பேசியவர் ஜான்தான். அதே அம்மா, அதே பள்ளி, அதே ஜெபம். ஆனாலும் தவறி விழுந்த மகளை ஏற்றுக்கொள்ள அந்த வீடு தடுமாறியது.

பிள்ளைகளிடம் தங்கியது எது?

1732-இல் ஜான் கேட்டதற்காகத் தன் வளர்ப்பு முறை முழுவதையும் சுசன்னா கடிதமாக எழுதினார். இன்று அவரைப் பற்றிப் பேசுபவர்கள் அதிகம் எடுத்துக்காட்டுவது அந்த விதிகளைத்தான். ஆனால் ஆக்ஸ்போர்டு கல்லூரியில் ஆசிரியராக இருந்த நாட்களில் ஜான் அம்மாவிடம் கேட்டது வேறு. அந்த வியாழக்கிழமை மாலை நேரத்தை இப்போதும் தனக்காக ஒதுக்க முடியுமா என்றுதான் கேட்டார்.

1742 ஜூலை 23 அன்று, லண்டனில் ஜானின் இருப்பிடத்தில், பிள்ளைகள் சூழ சுசன்னா காலமானார். ஜான் தொடங்கிய இயக்கம் அடுத்த நூற்றாண்டில் சென்னைக்கும் வந்தது. 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் மெதடிஸ்ட்களும் இணைந்தார்கள். தரங்கம்பாடியிலிருந்து எப்வொர்த் வீட்டுக்குப் போன ஒரு சேதி, இரண்டு நூற்றாண்டுக்குப் பின் இப்படித் திரும்பி வந்தது.