வரிசைக்குக் கணக்குப் போட்ட எர்லாங்

பிளேஸ்மெண்ட் ரிசல்ட் மெயில்ல வரும்னு சொன்ன அன்னைக்கு நீங்க என்ன செய்வீங்க? நிமிஷத்துக்கு ஒரு தடவை இன்பாக்ஸைப் பார்ப்பீங்க. எல்லாரும் இப்படிப் பார்த்தா மெயில் சர்வர் என்ன ஆகும்? மெயிலே இல்லாத காலத்துல இதுக்குக் கணக்குப் போட்டு வெச்சவர் ஆக்னர் எர்லாங்.

1878 ஜனவரி 1 அன்று டென்மார்க்கில் ஒரு கிராமத்தில் பிறந்தார். அப்பா ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியர். வயசு பத்தாததால் தனி அனுமதி வாங்கி, 14 வயதிலேயே பல்கலைக்கழகத்தின் முதல்நிலைத் தேர்வில் தேறினார். 1901-இல் கோபன்ஹேகனில் கணிதப் பட்டம் பெற்றார். அப்புறம் சில வருஷம் வாத்தியார் வேலை. கணிதச் சங்கத்தில் அறிமுகமான யென்சன் வழியாக (ஜென்சன் சமனின்மை படிச்சிருப்பீங்களே, அதே ஆள்தான்!) 1908-இல் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் சேர்ந்தார்.

அங்கே ஒரு சிக்கல். ஆளுக்கொரு லைன் போட்டால் கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது. லைனைக் குறைத்தால் கூப்பிடுறவங்க காத்துக் கிடக்கணும். எத்தனை லைன் இருந்தால் போதும்? 1909-இல் அழைப்புகள் எந்த ஒழுங்கில் வருகின்றன என்று நிறுவினார். 1917-இல் லைன் கிடைக்காமல் போகும் வாய்ப்புக்கும் காத்திருக்கும் நேரத்துக்கும் சூத்திரம் தந்தார். பிரிட்டிஷ் தபால் துறையும் அதை ஏற்றுக்கொண்டது.

அவர் வழியில நம்ம கணக்கைப் போடுவோம். 1000 பேர், ஒரு தடவை பார்க்க 3 வினாடின்னு வைங்க. நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்தா, எந்த நேரமும் சராசரியா 50 இணைப்பு சர்வரைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். 15 நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னா மூணு, நாலுதான். இன்னொண்ணு: ஒரே ஒரு கவுண்டர் இருக்கிற எளிய வரிசையில், சுமை 50 சதவீதம்னா வேலை முடிய இரண்டு மடங்கு நேரம், 90 சதவீதம்னா பத்து மடங்கு. சர்வர் திடீர்னு படுத்துக்கிறது இதனாலதான்.

அதனாலதான் அட்மின்கள் இரண்டு லாகினுக்கு நடுவே குறைந்தபட்ச இடைவெளி வைக்கிறாங்க. இல்லேன்னா ஐமேப் ஐடில் வசதியைத் திறந்துவிடுறாங்க. மெயில் வந்ததும் சர்வரே சொல்லிடும், நீங்க கேட்க வேண்டியதில்லை.

எர்லாங் திருமணம் செய்துகொள்ளவில்லை. இல்லாதவர்களுக்குச் சத்தமில்லாமல் உதவினார். 1929-இல் 51 வயதில் மறைந்தார். 1946-இல் தொலைபேசிப் போக்குவரத்தின் அலகுக்கே எர்லாங் என்று பேர் வைத்தார்கள். எரிக்சன் கம்பெனியில் பிறந்த எர்லாங் மொழியிலும் அந்தப் பேர் இருக்கு; வாட்ஸ்அப் சர்வர் அதில்தான் எழுதப்பட்டது.

நம்ம விருத்தாசலத்துல பீங்கான் சூளையை நடுவுல திறந்து பார்த்தா பொம்மை சீக்கிரம் வேகுமா? குளிர்காத்து பட்டு விரிசல்தான் விடும். மெயிலும் அப்படித்தான். அடிக்கடி பார்க்கிறதால ஆஃபர் லெட்டர் முன்னாடி வராது. பக்கத்து ரூம் நண்பனோட லெட்டர்தான் லேட்டாகும். இன்னைக்கே உங்க ஆப் செட்டிங்க்ஸைத் திறந்து, 1 நிமிஷத்தை 15 ஆக்கிடுங்க!