ஆட்டு மந்தையைக் காத்த அம்மையார்

அந்தியூர் வட்டாரத்துச் செம்மறி ஆட்டைப் பார்த்திருப்பீர்கள். பழுப்பு நிறம், குட்டை முடி. இதை மேச்சேரி ஆடு என்பார்கள். மயிலம்பாடி ஆடு என்றும் சொல்வது உண்டு. இதன் உடம்பில் கத்தரித்து எடுக்கக் கம்பளி ரோமம் கிடையாது. இறைச்சியும் தோலும்தான் வரும்படி. கோவைப் பக்கத்துக் குரும்பை ஆட்டுக்கு ரோமம் உண்டு. ஆனால் அது முரட்டு ரோமம். கம்பளிப் போர்வைக்கு ஆகும். மெல்லிய துணிக்கு ஆகாது.

இறைச்சிக்கு வளர்ப்பதா, கம்பளிக்கு வளர்ப்பதா? எது கட்டுபடியாகும்? ஆடு வளர்க்கும் குடும்பங்கள் எல்லா நாட்டிலும் கேட்ட கேள்வி இது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஆஸ்திரேலியாவில் ஒரு குடும்பத் தலைவி இதற்கு விடை கண்டார். அவர் பெயர் எலிசபெத் மக்ஆர்தர். அவருடைய மந்தையில் முதலில் சேர்ந்தவற்றில் நம் இந்திய ஆடுகளும் உண்டு!

உழவர் வீட்டுப் பெண்

இங்கிலாந்தில் டெவன் என்ற பகுதி. அங்கே பிரிட்ஜ்ரூல் என்ற சிற்றூரில், 1766-ம் ஆண்டு ஆகஸ்டு 14-ந் தேதி எலிசபெத் பிறந்தார். தந்தை உழவர். மகள் சிறுமியாக இருந்தபோதே அவர் இறந்துவிட்டார். தாய் மறுமணம் செய்துகொண்டார். எலிசபெத் பாட்டனார் வீட்டிலும் ஊர்ப் பாதிரியார் வீட்டிலும் வளர்ந்தார். பாதிரியாரின் மகளோடு சேர்ந்து கல்வி கற்றார்.

1788-ல் ஜான் மக்ஆர்தர் என்ற இளம் பட்டாள அதிகாரியை மணந்தார். மாப்பிள்ளையிடம் பணம் இல்லை. முன்கோபம் மட்டும் நிறைய இருந்தது.

அதே ஆண்டில்தான் ஆங்கிலேயர் ஆஸ்திரேலியாவில் கைதிகளைக் குடியேற்றத் தொடங்கினர். அங்கே காவல் பட்டாளத்தில் ஜானுக்கு வேலை கிடைத்தது. 1790-ல், கைக்குழந்தையோடு எலிசபெத்தும் கப்பல் ஏறினார். வழியில் ஒரு பெண் குழந்தை பிறந்து இறந்தது. அந்தக் கப்பல்களில் வந்த கைதிகளில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர் கரை சேருமுன்பே மாண்டனர்.

கல்கத்தா ஆடுகள்

1793-ல் பரமட்டா என்ற இடத்தில் அரசாங்கம் ஜானுக்கு 100 ஏக்கர் நிலம் கொடுத்தது. ஜான் அந்தப் பண்ணைக்கு மனைவியின் பெயரையே வைத்தார்.

1794-ல் கல்கத்தாவிலிருந்து வந்த 60 வங்காள ஆடுகளை அவர் வாங்கினார். பெட்டை ஆடுகளும் குட்டிகளுமாக வந்தவை அவை. அவற்றின் உடம்பில் இருந்தது முடி, கம்பளி அல்ல. பிறகு ஒரு கப்பல் தலைவரிடமிருந்து சில அயர்லாந்து ஆடுகளை வாங்கி இனம் சேர்த்தார். பிறந்த குட்டிகளின் உடம்பில் முடியும் கம்பளியும் கலந்து வளர்ந்தன. அதைக் கண்டதும் ஜானுக்கு ஆசை பிறந்தது.

1797-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து மெரினோ ஆடுகள் வந்தன. மெரினோ, ஸ்பெயின் நாட்டின் செல்வம். அதன் ரோமம் பட்டுப்போல மெல்லியது. மக்ஆர்தர் குடும்பமும் அவற்றில் சிலவற்றை வாங்கியது.

கூட்டிக் கழித்துப் பார்த்தால்

சிட்னியில் அப்போது இறைச்சிக்குக் கிராக்கி. கைதிகளுக்கும் சிப்பாய்களுக்கும் சோறு போட வேண்டிய அரசாங்கக் கிடங்கு இறைச்சியை விலைக்கு வாங்கிக்கொண்டது. ஆனால் மெரினோ உடம்பில் சிறியது. பெரிய உடம்புள்ள ஆட்டோடு கலந்தால் இறைச்சி கூடும். உடனே காசு வரும். ஆனால் மெல்லிய ரோமம் கெட்டுப்போகும். பல குடியானவர்கள் இறைச்சியைத்தான் நாடினார்கள்.

சிட்னியோ சிறிய ஊர். எவ்வளவு இறைச்சிதான் விற்க முடியும்? பெரிய சந்தை லண்டன். அங்கே போகக் கப்பலில் ஐந்தாறு மாதம் ஆகும். இறைச்சி அழுகிவிடும். தானியமோ இடத்தை அடைக்கும். கப்பல் கூலிக்கே சரியாகிவிடும். கம்பளி அழுகாது. சிறு பொதிக்குள் பெரிய விலை அடங்கும். இங்கிலாந்தின் ஆலைகள் மெல்லிய கம்பளிக்குக் காத்துக் கிடந்தன. நெப்போலியன் போரினால் ஸ்பெயின் கம்பளி வருவதும் தடைப்பட்டது.

தனிமையில் எட்டு ஆண்டு

கணவரின் முன்கோபம் குடும்பத்தைச் சோதித்தது. 1801-ல் தம் மேலதிகாரியோடு துப்பாக்கிச் சண்டை போட்டார் ஜான். விசாரணைக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். போன இடத்தில் கம்பளியைக் காட்டி ஆதரவு தேடினார். இங்கிலாந்து அரசரின் மந்தையிலிருந்து மெரினோக்களை வாங்கிக்கொண்டு 1805-ல் திரும்பினார். காம்டன் பகுதியில் 5,000 ஏக்கர் நிலமும் கிடைத்தது.

அமைதி நீடிக்கவில்லை. 1808-ல் கவர்னர் பிளையைப் பட்டாளம் பதவியிலிருந்து இறக்கியது. அந்தக் கலகத்தில் ஜான் முன்னணியில் நின்றார். 1809-ல் மறுபடியும் இங்கிலாந்து போனவர், 1817 வரை திரும்ப முடியவில்லை.

மகன்கள் இங்கிலாந்தில், மூன்று பெண்கள் தாயிடம். பண்ணை, மந்தை, வேலையாட்கள் எல்லாம் எலிசபெத்தின் தலையில் விழுந்தன. கணவருக்கு ஒரு கடிதம் போய்ச் சேரவே அரை ஆண்டு ஆகும். அவரிடம் கேட்டுச் செய்ய நேரம் ஏது? தாமே முடிவு செய்தார்.

மேய்ப்பவர்கள் கைதிகள். வேலி கிடையாது. பகலில் மேய்த்து, இரவில் பட்டியில் அடைக்க வேண்டும். காட்டு நாய்த் தொல்லை வேறு. ஆண் ஆடுகளைக் காயடித்து வளர்த்து இறைச்சிக்கு விற்றார். அந்தப் பணத்தில் வீடும் பண்ணையும் நடந்தன. நல்ல இனப் பெட்டைகளைக் கைவிடவில்லை. இறைச்சி இன்றைய செலவுக்கு. கம்பளி நாளைய வாழ்வுக்கு. இதுவே அவர் கண்ட வழி.

அந்த நிலத்தின் பழைய சொந்தக்காரர்கள் ஆதிக்குடி மக்கள். ஆடு மாடு பெருகப் பெருக, அவர்களுடைய வேட்டைக் காடு சுருங்கியது. மோதல் எழுந்தது. பண்ணையாட்களும் மாண்டனர். 1816-ல் ஆப்பின் என்ற இடத்தில் சிப்பாய்கள் ஆதிக்குடியினரில் குறைந்தது 14 பேரைக் கொன்றனர். கம்பளிச் செல்வத்தின் கதையில் இந்தக் கண்ணீரும் கலந்திருக்கிறது.

பெயர் ஒருவருக்கு, பாடு ஒருவருக்கு

1817-ல் ஜான் திரும்பியபோது மந்தை அழியாமல் இருந்தது. 1822-ல் அவருடைய கம்பளிக்கு லண்டனில் இரண்டு தங்கப் பதக்கங்கள் கிடைத்தன. 1966-ல் வந்த ஆஸ்திரேலியாவின் இரண்டு டாலர் நோட்டிலும் அவர் முகமும் ஒரு மெரினோக் கிடாயும்தான் இருந்தன.

கடைசிக் காலத்தில் ஜானுக்குச் சித்தம் கலங்கியது. மனைவி மீதே வீண் சந்தேகம் கொண்டார். எலிசபெத் அதையும் பொறுத்துக்கொண்டார். 1834-ல் கணவர் இறந்தார். பிறந்த ஊரை ஒருமுறைகூடத் திரும்பிப் பாராமல், 1850-ம் ஆண்டு பிப்ரவரி 9-ந் தேதி, 83-ம் வயதில் எலிசபெத் கண் மூடினார். பிற்கால வரலாற்று ஆசிரியர்கள் அவர் பட்ட பாட்டை எடுத்துச் சொன்னார்கள். காம்டனுக்கு அருகில் உள்ள வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆஸ்திரேலிய இறைச்சி உறைபனியில் பதமாக லண்டன் போய்ச் சேர்ந்தது 1880-ல்தான். அதுவரை அந்த நாட்டுக்குக் கம்பளியே கைகொடுத்தது. அந்தியூர் ஆட்டுக்காரருக்கு நிலைமை வேறு. இறைச்சி விற்கும் சந்தை அவர் காலடியில் இருக்கிறது. மேச்சேரி ஆட்டுக்குக் கம்பளி இல்லாதது குறையே அல்ல. ஆனால் எலிசபெத் கண்ட பாடம் இரண்டு இடத்துக்கும் பொருந்தும். விதை நெல்லை எடுத்துச் சமைக்கக் கூடாது. கைமுடை வந்தாலும் நல்ல தாய் ஆட்டைச் சந்தைக்கு ஓட்டக் கூடாது!