குதிரை லாயத்தில் தொடங்கிய அறப்பணி
வைத்திய கலாநிதி ஜோன் ஜெரால்ட் பிற்ஸ்ஜெரால்ட் (1882 – 1940)

நாம் வாழும் ரொறன்ரோ மாநகரின் கொலிஜ் வீதியில், 150ஆம் இலக்கத்தில், பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்று உண்டு. அதன் முன்னால் நாள்தோறும் ட்ராம் வண்டிகள் ஓடுகின்றன. அவற்றில் நம்மவரும் பலர் பயணஞ் செய்கின்றனர். அக்கட்டடத்திற்குப் பிற்ஸ்ஜெரால்ட் என்னும் பெயர் சூட்டப்பட்டிருப்பதையோ, அப்பெயருக்குரியவர் இந்நகரின் குழந்தைகளுக்குச் செய்த பேருதவியையோ அறிந்தவர் சிலரே. வந்தேறிய நாட்டின் சான்றோரையும் நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும் என்னும் எண்ணத்தால், இம்மலரில் அப்பெருமகனாரின் வாழ்வை எடுத்துரைக்க முற்படுகின்றோம்.

ஒன்ராறியோ மாகாணத்தின் டிறேற்றன் என்னும் சிற்றூரில், 1882ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 9ஆம் நாள், மருந்துக்கடை நடத்திய ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று, 1903ஆம் ஆண்டிலே, இருபது வயது இளைஞராகப் பட்டம் பெற்றார். தொடக்கத்தில் அவரது உள்ளம் மனநோய் மருத்துவத்தை நாடியது. ரொறன்ரோவிலிருந்த மனநோயாளர் மருத்துவமனையிலும் அவர் பணியாற்றினார். பின்னர் நுண்கிருமிகளை ஆராயும் துறைக்கு மாறி, பாரிசிலும் பிரசெல்சிலும் இருந்த பாஸ்டர் நிலையங்களில் பயிற்சி பெற்றார். கலிபோர்னியாவில் பேராசிரியராயிருந்து, 1913இல் தாம் கற்ற பல்கலைக்கழகத்திற்கே ஆசிரியராகத் திரும்பினார்.

அக்காலத்திலே கனடாவின் தாய்மார் பெரிதும் அஞ்சிய நோய் தொண்டைக்கரப்பன் ஆகும். டிப்தீரியா என ஆங்கிலேயர் வழங்குவதும் இதுவே. நோயுற்ற பிள்ளையின் தொண்டையில் சாம்பல் நிறச் சவ்வொன்று படர்ந்து மூச்சை அடைக்கும். கிருமி உமிழும் நஞ்சு குருதியிற் கலந்து இதயத்தையும் தாக்கும். ஒரே வீட்டில் இரண்டு மூன்று பிள்ளைகளை ஒரு கிழமைக்குள் இழந்த பெற்றோரும் இருந்தனர். அந்நஞ்சை முறிக்கும் மருந்து 1890ஆம் ஆண்டுகளிலேயே ஐரோப்பாவிற் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. ஆயினும் கனடாவுக்கு அது பெரும்பாலும் அமெரிக்க வணிகரிடமிருந்தே வந்தது. அதன் விலையோ ஏழைத் தொழிலாளி ஒருவனால் எட்ட முடியாதது. மருந்து இருந்தும் பிள்ளை மாண்டது, காரணம் பணமின்மை. இக்கொடுமையே பிற்ஸ்ஜெரால்டின் உள்ளத்தைச் சுட்டது.

பல்கலைக்கழகமே மருந்தைச் செய்து, இலாபம் கருதாது, அடக்க விலைக்கு அரசிடம் வழங்கலாம் என்று அவர் எண்ணினார். பல்கலைக்கழகம் மருந்து வணிகத்தில் இறங்குவதா எனத் தயங்கியோரும் இருந்தனர். அவர் காத்திருக்கவில்லை. தம் மனைவி எட்னாவின் குடும்பச் சொத்துப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, பாட்டன் அவெனியூ 145ஆம் இலக்க வீட்டின் பின்வளவில் ஒரு சிறு குதிரை லாயத்தை 1913இன் இறுதியில் அமைத்தார். அவ்வீடு அவருடன் பணிபுரிந்த வில்லியம் பென்ரன் என்பவருடையது. உழைத்துத் தளர்ந்து, கொல்லப்படுவதற்காகக் காத்திருந்த கிழக் குதிரைகள் அங்கே குறைந்த விலைக்கு வாங்கிக் கொண்டுவரப்பட்டன. முதலாவது குதிரையின் பெயர் கிரெஸ்ற்ஃபோலன். தலை கவிழ்ந்தவன் என்பது அதன் பொருள்.

மாணவர்காள், குதிரைக்கும் மருந்துக்கும் என்ன தொடர்பு என நீங்கள் வினவலாம். கிருமியின் நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரையின் உடலிற் செலுத்தினால், அதன் குருதி அந்நஞ்சை முறிக்கும் பொருளைத் தானே உண்டாக்கும். பின்பு குதிரையைக் கொல்லாமல், ஓரளவு குருதியை மட்டும் எடுத்து, அதன் தெளிநீரைப் பிரித்துத் தூய்மை செய்தால், அதுவே நோயுற்ற குழந்தைக்கு மருந்தாகும். பிறரால் வேண்டாமென்று கழிக்கப்பட்ட குதிரைகள் இவ்வாறு குழந்தைகளின் உயிரைக் காத்தன.

1914ஆம் ஆண்டு மே மாதத்தில் இம்முயற்சி பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாக ஏற்கப்பட்டது. 1916 முதல் ஒன்ராறியோ அரசு அம்மருந்தை மக்களுக்கு இலவசமாக வழங்கலாயிற்று. முதலாம் உலகப் போர் மூண்டபோது, காயமுற்ற வீரரை ஏற்புவலியிலிருந்து காக்கும் மருந்தும் பெருமளவில் வேண்டியதாயிற்று. கேணல் அல்பேட் குடர்ஹாம் என்னும் செல்வர் நகரின் வடக்கே 58 ஏக்கர் நிலத்தை வாங்கி அளித்தார். 1917 ஒக்ரோபர் 25இல் அங்கே கொனோட் ஆய்வுகூடம் திறந்துவைக்கப்பட்டது. சில ஆண்டுகளில், பாண்டிங்கும் பெஸ்ற்றும் இந்நகரிற் கண்டறிந்த இன்சுலின் மருந்தைப் பெருமளவில் ஆக்கும் பொறுப்பையும் 1922இல் இந்நிறுவனமே ஏற்றது.

நோய் வந்தபின் தீர்ப்பதிலும் வராமற் காப்பதே சிறந்ததன்றோ? 1924இல் பிற்ஸ்ஜெரால்ட் பாரிசுக்குச் சென்றபோது, கஸ்தோன் ரமோன் என்னும் அறிஞர் தொண்டைக்கரப்பன் நஞ்சின் கொடுமையை நீக்கி, உடலைப் பழக்கும் ஆற்றலை மட்டும் எஞ்சவைக்கும் வழியைக் கண்டிருப்பதை அறிந்தார். உடனே ரொறன்ரோவுக்குச் செய்தி அனுப்பி, பீற்றர் மொலோனி என்பவரைக் கொண்டு அத்தடுப்பு மருந்தைச் செய்வித்தார். அவ்வாண்டிலே கனடாவில் ஏறத்தாழ 9,000 பேரை இந்நோய் பீடித்திருந்தது. 1920ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் ரொறன்ரோவின் சுமார் 36,000 பிள்ளைகளைக் கொண்டு நடந்த ஆய்வில், ஊசி முறையாகப் பெற்றோரிடையே நோய் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு குறைந்தமை தெளிவாயிற்று. நம் தாயகத்துத் தாய்மார் முக்கூட்டு ஊசி என அறிந்திருந்த தடுப்பூசியில் இம்மருந்தும் ஒரு கூறாகும்.

1927இல் பொதுச் சுகாதாரக் கல்வி நிலையம் ஒன்றை நிறுவி அதன் தலைவரானார். 1932 முதல் 1936 வரை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாகவும் விளங்கினார். ஓய்வென்பதை அறியாத உழைப்பு அது. அதன் முடிவில் கடுமையான உளச்சோர்வு நோய் அவரைப் பற்றியது. அக்காலத்தில் அந்நோய்க்குத் தக்க மருத்துவம் இல்லை. அதுபற்றி வெளிப்படையாகப் பேசும் வழக்கமும் இல்லை. 1940 யூன் 20ஆம் நாள், தமது 57ஆம் வயதில், அந்நோய்க்கே அவர் பலியானார். இதனை மறைக்காது எழுதுவதற்குக் காரணம் உண்டு. உடல்நோய் போன்றே உளநோயும் நோயே. அது குற்றமன்று, குடும்பத்துக்கு இழுக்குமன்று. உள்ளம் சோர்ந்தால் அம்மாவிடம், அப்பாவிடம், ஆசிரியரிடம் சொல்லுங்கள் என மாணவரையும், அதனைச் செவிமடுங்கள் என அவர்தம் பெற்றோரையும் வேண்டுகின்றோம்.

அவர் மறைந்த சில ஆண்டுகளில், அவர் நட்ட மரம் மேலும் ஒரு கனி ஈன்றது. ஸ்பதைனா வீதியின் நடுவே வட்டத்துள் எழுந்து நிற்கும் பழைய கட்டடத்தை 1943இல் பல்கலைக்கழகம் வாங்க, கொனோட் நிறுவனம் அங்கே போர்வீரருக்காகப் பென்சிலின் மருந்தைச் செய்தது. அதனைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், அளவு குறைத்து உட்கொண்டால் கிருமிகள் மருந்தை வெல்லப் பழகிவிடும் என்று 1945இலேயே எச்சரித்தார். அவர் அஞ்சியவாறே இன்று பல கிருமிகள் பல மருந்துகளுக்கு அடங்காதனவாகிவிட்டன.

இவ்விடத்தில் நம் இல்லங்களையும் சற்று நோக்குவோம். மூத்த பிள்ளைக்கு மருத்துவர் தந்து மிஞ்சிய குளிசைகளை அலுமாரியில் வைத்து, இளைய பிள்ளைக்குத் தடிமன் வந்ததும் எடுத்துக் கொடுப்பதும், ஊருக்குப் போய்வருவோரிடம் சீட்டின்றி வாங்கிவரச் சொல்வதும் நம்மிடையே உண்டு. தடிமனை உண்டாக்குவது வைரசு. கிருமிகொல்லி மருந்து அதனை ஒன்றுஞ் செய்யாது. வீணே உண்ட ஒவ்வொரு குளிசையும், உண்மையான ஆபத்து வரும் நாளில் யாரோ ஒரு பிள்ளைக்குப் பயன்படவேண்டிய மருந்தின் வலிமையைக் குறைக்கின்றது. அன்று மருந்து இருந்தும் விலையாற் பிள்ளைகள் மாண்டனர். நாளை மருந்து இருந்தும் அது வேலை செய்யாமையாற் பிள்ளைகள் மாளும் நிலை வரலாகாது.

மருந்து வணிகப் பொருளன்று, ஊருணி நீர்போல் எல்லார்க்கும் உரிய பொது உடைமை என்பதே பிற்ஸ்ஜெரால்டின் வாழ்வு நமக்குக் கற்பிக்கும் பாடம். ஊருணி பொதுவெனின், அதனை மாசுபடாமற் காப்பதும் எல்லார்க்கும் பொதுவான கடமையே. அடுத்த முறை கொலிஜ் வீதியால் போகும்போது, பிள்ளைகளே, அக்கட்டடத்தை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். பெற்றோர்களே, அந்தத் தலை கவிழ்ந்த குதிரையின் கதையை அவர்களுக்குத் தமிழிலே சொல்லுங்கள்.