விழிக்குள் ஒளியேற்றியவர்

நுழையும்முன்

கண்ணின் வழியே நாம் உலகைக் காண்கிறோம். ஆயினும், உயிருள்ள கண்ணின் உட்புறத்தை எவராலும் காணமுடியாத காலம் ஒன்று இருந்தது. புறத்தே எக்குறையும் தோன்றாத கண்கள் ஒளியிழந்தன. காரணம் அறியாமல் மருத்துவர்கள் கைபிசைந்து நின்றனர். அந்நிலையை மாற்றிய அறிஞர் ஒருவரின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ், பிரஷ்ய நாட்டின் போட்ஸ்டாம் நகரில் 1821ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள் பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியர். மகனின் உள்ளம் இயற்பியலை நாடியது. குடும்பத்தின் பொருள்நிலையோ அதற்கு இடந்தரவில்லை. பின்னாளில் படைமருத்துவராகப் பணியாற்ற வேண்டும் என்னும் கட்டுப்பாட்டை ஏற்று, அரசின் உதவியுடன் பெர்லினில் மருத்துவம் பயின்றார். 1842இல் முனைவர் பட்டம் பெற்றார். எனினும், விரும்பிய துறையை அவர் கைவிடவில்லை. படையில் பணியாற்றிக்கொண்டே ஆற்றல் அழிவின்மை குறித்து ஆராய்ந்து, 1847இல் அதனை வெளியிட்டார். 1849இல் கோனிக்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் பேராசிரியரானார்.

கரும்பாவையின் புதிர்

1850இல் மாணவர்களுக்குரிய பாடத்தை ஆயத்தம் செய்தபோது, கண்ணின் பாவை கருமையாகத் தோன்றுவது ஏன் என்னும் வினா அவர் சிந்தையைத் தூண்டியது. தக்க கோணத்தில் ஒளி செலுத்தினால் மனிதக் கண்ணின் பாவை ஒளிர்வதை அவருடைய நண்பர் எர்ன்ஸ்ட் புரூக்கே முன்னரே கண்டிருந்தார். அவ்வாறு வெளிவரும் கதிர்கள் எங்கே சென்று உருவத்தைத் தோற்றுவிக்கின்றன என்பதே ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுப்பிய அடுத்த வினா.

விழித்திரையில் பட்டு மீளும் ஒளி, தான் வந்த வழியிலேயே விளக்கை நோக்கித் திரும்புகிறது. அதனைக் காண விரும்புவோர் அவ்வழியில் தம் கண்ணை வைத்தல் வேண்டும். அங்ஙனம் வைத்தால் அவர்தம் தலையே விளக்கொளியை மறைத்துவிடும். இவ்விடர்ப்பாட்டை அவர் எளிய முறையில் தீர்த்தார். மெல்லிய கண்ணாடித் தகடுகள் சிலவற்றைச் சாய்வாக அமைத்து, விளக்கைப் பக்கவாட்டில் வைத்தார். தகடுகளில் பட்ட ஒளியின் ஒரு பகுதி நோயாளியின் கண்ணுக்குள் எதிரொளித்தது. விழித்திரையிலிருந்து மீண்ட ஒளியின் ஒரு பகுதி, அத்தகடுகளை ஊடுருவிப் பார்ப்பவரின் கண்ணை அடைந்தது. இடையே பொருத்திய குழிவில்லை உருவத்தைத் தெளிவாக்கியது. அட்டை, மூக்குக்கண்ணாடி வில்லைகள், நுண்ணோக்கிக்குரிய மெல்லிய கண்ணாடிகள் ஆகியவையே அவர் முதலில் பயன்படுத்திய பொருள்கள். உயிருள்ள விழித்திரையும் அதன் குருதி நாளங்களும் அவர்முன் தெளிவாகத் தோன்றின. இக்கருவியைப் பற்றிய நூலை 1851இல் வெளியிட்டார்.

மருத்துவத்தில் மறுமலர்ச்சி

பெர்லின் கண்மருத்துவர் ஆல்பிரெக்ட் வான் கிரேஃபே இக்கருவியை ஆர்வத்துடன் கையாண்டார். கண் அழுத்த நோயில் பார்வை நரம்பின் முனை அடையும் மாற்றங்களை ஆராய்ந்தார். 1857இல் அந்நோய்க்கான அறுவை மருத்துவத்தை அறிவித்தார். ஊகத்தின் இடத்தை உற்றுநோக்கல் பற்றியது.

அளந்தறிந்த விழி

காண்பதோடு ஹெல்ம்ஹோல்ட்ஸ் நிறைவடையவில்லை, அளக்கவும் விழைந்தார். கருவிழிப்படலத்தில் எதிரொளிக்கும் உருவங்களின் அளவைக்கொண்டு, அதன் வளைவைக் கணக்கிடும் விழியளவியை உருவாக்கினார். அருகிலுள்ள பொருளை நோக்கும்போது விழிவில்லையின் முன்பரப்பு மிகுதியாக வளைவதையும் அளந்து காட்டினார். நிறப்பார்வைக்கு மூவகை உணர்வுகள் அடிப்படை என்னும் தாமஸ் யங்கின் கருத்தை விரித்துரைத்தார். இவ்வாய்வுகளைத் திரட்டி, 1856 முதல் 1867 வரை பகுதி பகுதியாக ஒரு பெருநூலை வெளியிட்டார்.

1871இல் பெர்லினில் இயற்பியல் பேராசிரியர் பதவி அவரைத் தேடிவந்தது. வறுமையால் இளமையில் எட்டாத துறை, ஐம்பதாம் அகவையில் அவர் வசமாயிற்று.

பணிவின் உயர்வு

1886இல் கிரேஃபே பெயரிலான பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. அவ்விழாவில் ஒரு கற்பனைக் கதையின் வாயிலாகத் தம் கருத்தை வெளியிட்டார். பளிங்கைச் செதுக்கவல்ல உளியைச் செய்த கொல்லனைச் சிற்பி ஃபிடியாஸுக்கு இணையாகப் போற்றுதல் தகாது என்பதே அதன் பொருள். கருவியைச் செய்தவர் தாம். அதனால் பார்வையைக் காத்தவர் கிரேஃபே போன்ற மருத்துவர்களே என்று அவர் எண்ணினார்.

1894ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 8ஆம் நாள் ஹெல்ம்ஹோல்ட்ஸ் மறைந்தார். இன்று விழித்திரையின் அடுக்குகளை ஒளியைக் கொண்டே நுட்பமாக அளக்கின்றனர். நீரிழிவால் அதன் குருதி நாளங்களில் நேரும் சிதைவை, பார்வை குன்றும் முன்னரே கண்டறிகின்றனர். அவற்றுக்கெல்லாம் முதற்படியாய் அமைந்தது, கரும்பாவையைக் கண்டு ஓர் ஆசிரியர் எழுப்பிய வினாவே.