ஒரே வருஷம், ரெண்டு கப்பல்: ஒலிம்பிக்கை விட்டுட்டு கிரிக்கெட்டுக்குப் போன எம்.ஜே.கோபாலன் யார்?

அருப்புக்கோட்டையில் பஸ் ஏறி பந்தல்குடி, எட்டயபுரம் தாண்டினால் கோவில்பட்டி. ரெண்டு பக்கமும் கரிசல் காடு, பருத்தி, கம்பு, வெயில். இந்த வறண்ட பக்கத்தில் ஹாக்கி மட்டையோடு பஸ்ஸில் வரும் பசங்களைப் பார்ப்பது புதுசு இல்லை. கோவில்பட்டியைச் சேர்ந்த மாரீஸ்வரனும், அங்கே பயிற்சி எடுத்த அரியலூர் கார்த்தியும் 2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய கோப்பைக்கு இந்திய அணியோடு போய் வெண்கலத்தோடு திரும்பினார்கள்.

அதற்குப் பிறகு திருச்சுழி, காரியாபட்டி பக்கத்து வீடுகளில்கூட ஒரு கேள்வி வர ஆரம்பித்தது. காலேஜ் டீமிலோ மாவட்ட டீமிலோ ஆடும் பையனுக்கு வெளியூர், வெளிநாட்டு டூர் வந்தால் என்ன செய்வது? பரீட்சையா, டூரா? ஒரே நேரத்தில் ரெண்டு அணி கூப்பிட்டால் எது?

இந்தக் கேள்வியை 1936-லேயே சந்தித்தவர் ஒரு தமிழ்நாட்டு வீரர். பெயர் எம்.ஜே.கோபாலன். இந்தியாவுக்காக கிரிக்கெட், ஹாக்கி ரெண்டும் ஆடியவர். ஒரே கோடையில் ரெண்டு அணியின் கதவும் அவருக்குத் திறந்தது. ஒன்றைத்தான் எடுக்க முடிந்தது.

யார் இந்த கோபாலன்?

செங்கல்பட்டு பக்கம் மொரப்பாக்கம் என்ற கிராமத்தில் 1909 ஜூன் 6-ல் பிறந்தவர். வளர்ந்தது சென்னை திருவல்லிக்கேணியில். அந்தத் தெருக்களில் கிரிக்கெட்டும் ஹாக்கியும் வேறு வேறு ஆட்கள் ஆடும் ஆட்டம் இல்லை. சீசனுக்கு ஏத்த மாதிரி மட்டை மாறும், அவ்வளவுதான்.

அவரைக் கண்டுபிடித்தவர் சி.பி.ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். பர்மா ஷெல் எண்ணெய் கம்பெனி அதிகாரி, சென்னை கிரிக்கெட்டில் பெரிய கை. வேகமாக ஓடிவந்து பந்து போடும் இந்தப் பையனைப் பார்த்துவிட்டு, பர்மா ஷெல்லிலேயே வேலையும் வாங்கிக் கொடுத்தார். இது சின்ன விஷயம் இல்லை. அப்போது ஆடுவதற்கு சம்பளம் கிடையாது. பணக்காரராக இருக்கணும், இல்லை மகாராஜா யாராவது ஆதரிக்கணும், இல்லை லீவு கொடுக்கும் ஆபீஸ் ஒன்று கிடைக்கணும். கோபாலனுக்குக் கிடைத்தது மூன்றாவது.

1934 ஜனவரியில் கல்கத்தாவில் ஜார்டின் தலைமையிலான இங்கிலாந்து அணிக்கு எதிராக டெஸ்ட் ஆடினார். எடுத்தது ஒரு விக்கெட். அதே வருஷம் நவம்பர் 4-ல் சேப்பாக்கத்தில் மெட்ராஸும் மைசூரும் மோதின. ரஞ்சி கோப்பையின் முதல் ஆட்டம் அது, முதல் பந்தை வீசியவர் கோபாலன். மூன்று நாள் நடக்க வேண்டிய அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோனது வேறு கதை. ஏ.ஜி.ராம்சிங் 11 விக்கெட் எடுத்து மைசூரைச் சுருட்டிவிட்டார்.

தயான்சந்தோடு ஒரு கடல் பயணம்

1935-ல் இந்திய ஹாக்கி அணி நியூசிலாந்து டூர் கிளம்பியது. கேப்டனாக முதலில் பேசப்பட்டவர் மாணவதர் நவாப். அவர் ஆட வரவில்லை என்றதும் பொறுப்பு தயான்சந்துக்கு வந்தது. ராணுவத்தில் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்த ஒருவர் இந்திய அணிக்குக் கேப்டன் ஆவது அந்தக் காலத்தில் பெரிய செய்தி. அந்த அணியில் சென்னையிலிருந்து கோபாலனும் இருந்தார்.

இன்றைக்கு டூர் என்றால் விமானம், ஹோட்டல், பத்து நாளில் வீடு. அன்றைக்கு டூர் என்றால் மாசக்கணக்கு. இந்தியா, இலங்கை, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என மொத்தம் 48 ஆட்டம். அதில் 28 நியூசிலாந்தில் மட்டும். இந்தியா போட்ட கோல் 584. தயான்சந்த் மட்டும் 201.

ஏன் இத்தனை ஆட்டம்? ஆசைக்காக மட்டும் இல்லை. அமெச்சூர் அணிகளின் டூர் நடந்ததே டிக்கெட் வசூலில்தான். போகிற ஊரில் எல்லாம் ஆடணும், கூட்டம் வரணும், அந்தக் காசில்தான் கப்பல் செலவு சரிக்கட்டும். 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய ஹாக்கி அணியும் திரும்பும் வழியில் ஐரோப்பாவில் ஊர் ஊராக ஆடிக் காசு சேர்த்துத்தான் வந்தது. தங்கம் வென்ற அணிக்கே அந்த நிலைமை.

கொழும்பு அன்றைக்கு ராமநாதபுரம் சீமை ஆட்களுக்குத் தூர தேசம் இல்லை என்பதும் சொல்லணும். மானாமதுரை வழியாகப் போன ரயிலும் தனுஷ்கோடியிலிருந்து கப்பலும் சேர்ந்த வழி 1914 முதல் இருந்தது. ஆனால் திருச்சுழிக்கும் அருப்புக்கோட்டைக்கும் ரயில் வந்ததே 1960-களில்தான். திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷிகூட சின்ன வயசில் புத்தகத்தைவிட ஃபுட்பால், மல்யுத்தம்னு திரிந்தவர்தான். ஆடும் உடம்பு இந்த மண்ணில் அப்போதே இருந்தது. அதை வெளியே கொண்டுபோக லீவு கொடுக்கும் ஆபீஸும் பார்த்துச் சொல்ல ஒரு ஜான்ஸ்டனும் இல்லை.

1936: எந்தக் கப்பல்?

அடுத்த வருஷம்தான் சிக்கல். பெர்லின் ஒலிம்பிக் ஆகஸ்டில். ஹாக்கி அணி பம்பாயிலிருந்து ஜூன் கடைசியில் கப்பல் ஏறியது. கிரிக்கெட் அணியோ கோடை முழுக்க இங்கிலாந்தில் ஆட வேண்டும், அதனால் சில மாசம் முன்னாடியே கிளம்பிவிட்டது. ரெண்டிலும் இருக்க வழியே இல்லை.

ஹாக்கி அணியில் கோபாலனுக்கு இடம் கிட்டத்தட்ட உறுதி என்றே கருதப்பட்டது. அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

இன்று படிக்கிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஒலிம்பிக் தங்கத்தை யாராவது விடுவார்களா? ஆனால் 1936-ன் கண்ணால் பார்க்கணும். இந்தியா டெஸ்ட் ஆட ஆரம்பித்தே நாலு வருஷம். அதுவரை ஆடியது வெறும் நாலு டெஸ்ட். இங்கிலாந்து டூர் என்பது எப்போது மறுபடி வரும் என்று யாருக்கும் நிச்சயம் இல்லை. ஹாக்கியில் 1928-லும் 1932-லும் தங்கம் கிடைத்திருந்தது. ஒலிம்பிக் நாலு வருஷத்துக்கு ஒருமுறை வரும், 1940-ல் போய்க்கொள்ளலாம் என்று யாரும் நினைத்திருக்கலாம். 27 வயது ஆளுக்கு அது தப்பான கணக்கு இல்லை.

போன இடம்தான் சரியில்லை. கேப்டன் விஜயநகரம் மகாராஜ்குமார், சுருக்கமாக விஸ்ஸி. ஆட்டத்தைவிட அரசியலில் கெட்டிக்காரர். அணி ரெண்டாகப் பிரிந்து கிடந்தது. நல்லா ஆடிக்கொண்டிருந்த லாலா அமர்நாத்தை ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லி முதல் டெஸ்டுக்கு முன்னாடியே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். காலைச் சாப்பாட்டு மேஜையில் சி.கே.நாயுடுவை அவமதித்ததற்குப் பரிசாக ஒருவருக்கு டெஸ்ட் வாய்ப்பே கிடைத்தது என்ற பேச்சு இன்றைக்கும் ஓயவில்லை.

கோபாலன் மூன்று டெஸ்டில் ஒன்றில்கூட இறக்கப்படவில்லை.

அதே அணியில் இருந்த இன்னொரு சென்னைக்காரரையும் சொல்லாமல் விட முடியாது. கோட்டா ராமஸ்வாமி. புச்சி பாபுவின் மகன், டேவிஸ் கோப்பையில் டென்னிஸ் ஆடியவர். 40 வயதில் மான்செஸ்டரில் முதல் டெஸ்ட் ஆடி 40-ம் 60-ம் அடித்தார். ரெண்டு விளையாட்டில் நாட்டுக்காக ஆடிய ரெண்டு மெட்ராஸ்காரர்கள் ஒரே டூரில். ஒருவருக்கு வாய்ப்பு, ஒருவருக்கு பெவிலியன்.

1936 ஆகஸ்ட் 15

முந்தின நாள் நடக்க வேண்டிய பெர்லின் இறுதி ஆட்டம் மழையால் தள்ளிப்போய் 15-ம் தேதி நடந்தது. இந்தியா 8, ஜெர்மனி 1. அந்த ஒலிம்பிக் முழுவதும் இந்தியா வாங்கியது அந்த ஒரே ஒரு கோல்தான்.

அன்றைக்கேதான் லண்டன் ஓவலில் இந்தியாவின் கடைசி டெஸ்ட் தொடங்கியது. ஹாமண்ட் 217 அடித்தார். இந்தியா ஒன்பது விக்கெட்டில் தோற்றது. தொடரும் போனது. கோபாலன் அந்த 11 பேரில் இல்லை. போன வருஷம் கூடவே கப்பலில் வந்த தயான்சந்த், அந்த நேரத்தில் தங்கப் பதக்கத்தோடு நின்றார்.

பிறகு காத்திருக்கவும் காலம் விடவில்லை. 1940, 1944 ஒலிம்பிக் ரெண்டையும் போர் விழுங்கிவிட்டது. இந்தியா அடுத்த டெஸ்ட் ஆடியது 1946-ல். கோபாலனுக்கு அப்போது வயது 37. கல்கத்தாவில் ஆடிய அந்த ஒரு டெஸ்ட்தான் கடைசிவரை அவர் கணக்கில் நின்றது. ஒலிம்பிக், பூஜ்யம்.

அதற்கப்புறம்?

மெட்ராஸுக்காகத் தொடர்ந்து ஆடினார், கேப்டனாகவும் இருந்தார். 1950-களின் தொடக்கம் வரை ரஞ்சி ஆட்டம் விடவில்லை. பின்னர் இந்திய அணியின் தேர்வுக் குழுவிலும் உட்கார்ந்தார். யாரை டூருக்கு அனுப்புவது, யாரை விடுவது என்று முடிவு செய்யும் நாற்காலி அது.

1952-53 சீசனில் அவர் பெயரில் ஒரு கோப்பை வந்தது. மெட்ராஸ் அணியும் இலங்கை அணியும் மோதும் எம்.ஜே.கோபாலன் கோப்பை. அப்போது இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடையாது. வேலைக்குப் போய்க்கொண்டே ஆடிய அந்த ஊர் வீரர்களுக்கு முதல்தர ஆட்டம் கிடைப்பதே அரிது. சேப்பாக்கத்துக்கு அவர்கள் வருவதும், கொழும்புக்கு மெட்ராஸ் பசங்க போவதுமாக அது நடந்தது. தமிழ்நாட்டில் பல இளம் ஆட்டக்காரர்களுக்கு வாழ்க்கையில் முதல் வெளிநாட்டு டூர் அதுதான். 1981-ல் இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைத்த பிறகு அந்தக் கோப்பைக்கு இருந்த தேவை குறைந்துபோனது.

கோபாலன் 2003 டிசம்பர் 21-ல் சென்னையில் காலமானார். வயது 94. அப்போது உயிரோடு இருந்த டெஸ்ட் வீரர்களில் உலகிலேயே மூத்தவர் அவர்.