புச்சி பாபு நாயுடு

மோத்தவரப்பு வெங்கட மகிபதி நாயுடு (1868 – 1908) தென்னிந்தியத் துடுப்பாட்டத்தின் (கிரிக்கெட்) தந்தை எனப் போற்றப்படுபவர் ஆவார். புச்சி பாபு என்னும் பெயரால் பரவலாக அறியப்படுகிறார். ஐரோப்பியரின் ஆட்டமாக இருந்த சென்னைத் துடுப்பாட்டத்தில் இந்தியருக்குச் சம இடம் கிடைக்க வழிவகுத்தவர். இவர் பெயரால் நடத்தப்படும் நினைவுச் சுற்றுப்போட்டி இந்தியாவின் பழமையான துடுப்பாட்டப் போட்டிகளுள் ஒன்று.

இளமை

சென்னையில் வாழ்ந்த செல்வக் குடும்பம் ஒன்றில் பிறந்த இவரைத் தாய்வழிப் பாட்டனார் தத்தெடுத்து வளர்த்தார். மயிலாப்பூரில் இருந்த லஸ் இல்லம் இவர்களது வாழ்விடமாகும். இளமையிலேயே துடுப்பாட்டத்தில் ஆர்வம் கொண்ட புச்சி பாபு, சிறந்த மட்டையாளராக விளங்கினார்.

அக்காலத்தில் சென்னைத் துடுப்பாட்டத்தின் மையமாக இருந்தது 1846 இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் ஆகும். சேப்பாக்கம் மைதானம் இதன் பொறுப்பில் இருந்தது. ஐரோப்பியர் மட்டுமே இதில் உறுப்பினராக முடிந்தது. அங்கு ஆட வந்த இந்தியர்கள் ஆட்டக்காரர் மாடத்தில் அமர இயலவில்லை. மர நிழலில் அமர்ந்தே உணவு உண்டனர்.

மெட்ராஸ் யுனைடெட் கிளப்

இந்நிலையை மாற்ற எண்ணிய புச்சி பாபு, 1888 இல் இந்தியருக்கென மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை நிறுவினார். எஸ்பிளனேடு பகுதியில் இதற்கு மைதானம் அமைந்தது. மட்டை, பந்து, காலுறை போன்றவை விலை மிகுந்திருந்த காலம் அது. திறமை இருந்தும் பொருள் வசதி இல்லாத இளைஞர்களுக்கு இவற்றைத் தம் செலவில் வாங்கித் தந்து, பயிற்சியும் அளித்தார். துடுப்பாட்டம் வருவாய் தரும் தொழிலாக இல்லாத அந்நாளில், இத்தகைய புரவலர் இன்றி எளிய குடும்பத்தார் தொடர்ந்து ஆடுவது அரிதாகவே இருந்தது.

இக்கழகத்தின் ஆட்டத்திறன் வளர்ந்ததும் ஐரோப்பியர் கழகம் இதனுடன் மோத முன்வந்தது. சேப்பாக்கம் மாடத்தில் தம் அணியினருக்குச் சம உரிமை தரப்படாதவரை அங்கு ஆட இயலாது என்று புச்சி பாபு மறுத்ததாகக் கூறுவர்.

மாகாணப் போட்டி

ஐரோப்பியர் அணியும் இந்தியர் அணியும் ஆண்டுதோறும் மோதும் மாகாணப் போட்டியை ஏற்பாடு செய்வதில் புச்சி பாபு முன்னின்றார். முதல் போட்டி 1908 இன் இறுதியில் நடைபெற இருந்தது. அது தொடங்கும் முன்பே இவர் தமது நாற்பதாவது வயதில் காலமானார். எனினும் போட்டி நடந்தது. பின்னர் பொங்கல் காலத்தில் நடைபெறும் வழக்கம் ஏற்பட்டு, 1952 வரை நீடித்தது.

குடும்பம்

இவருடைய மகன்களும் சிறந்த ஆட்டக்காரர்கள். அவர்களுள் பாலையா நாயுடுவும் கோட்டா இராமசுவாமியும் குறிப்பிடத்தக்கவர்கள். இராமசுவாமி 1922 இல் டேவிஸ் கோப்பை டென்னிசில் இந்தியாவுக்காக ஆடினார். 1936 இல் தமது நாற்பதாவது வயதில் மான்செஸ்டரில் முதல் தேர்வுப் போட்டியில் களமிறங்கி, 40, 60 ஓட்டங்கள் எடுத்தார்.

நினைவுச் சுற்றுப்போட்டி

புச்சி பாபு நினைவுச் சுற்றுப்போட்டி 1909 இல் தொடங்கியது. சில ஆண்டுகள் தடைப்பட்டிருந்த இப்போட்டி 2023 இல் மீண்டும் தொடங்கப்பட்டது. இதன் ஆட்டங்கள் சென்னைக்கு வெளியே கோயம்புத்தூர், சேலம், திண்டுக்கல் ஆகிய இடங்களிலும், தாமிரபரணி பாயும் திருநெல்வேலியிலும் நடந்தன. 2024 இல் திருநெல்வேலியை அடுத்த சங்கர்நகர் மைதானத்தில் பிற மாநில அணிகள் வந்து ஆடின. ஒரு காலத்தில் சேப்பாக்கத்து மர நிழலில் ஒதுக்கப்பட்டோரின் ஆட்டம் இவ்வாறு மாவட்டங்கள் வரை பரவியுள்ளது.